சந்திர கிரகணத்தைப் படம் பிடிப்போம், அளந்தும் பார்ப்போம்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். ஊருக்கு மேற்கே மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. அதன் உச்சிக்கு அப்பால் ஏலமலைத் தோட்டங்கள். வடக்கே சிறிது தொலைவில் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற போடிநாயக்கனூர். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு 11 மணியளவில், இந்த ஊர்களின் வானத்தில் உயர்ந்து நின்ற முழு நிலவு, பூமியின் நிழலுக்குள் முற்றிலும் நுழைந்தது. 82 நிமிடம் அந்த நிழலிலேயே இருந்தது. இந்தியா முழுவதற்கும் உரிய முழுச் சந்திர கிரகணம் அது.

இத்தகைய இரவுகளில் எடுக்கப்படும் படங்கள் பலவற்றில், நிலவு ஒரு வெள்ளைப் பொட்டாகவோ கலங்கிய சிவப்புத் தீற்றலாகவோதான் விழுகிறது. காமிரா மட்டமானது என்பது இதற்குக் காரணமன்று. நிலவின் ஒளி எவ்வளவு குறைகிறது என்று முன்கூட்டியே கணக்கிடாததுதான் காரணம். தேவாரத்திலிருந்து அடுத்த முழுக் கிரகணத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை காண 2028 டிசம்பர் 31ஆம் தேதி இரவு வரை காத்திருக்க வேண்டும். தவறவிட்டால், "இன்னொரு முறை காட்டு" என்று நிலவைக் கேட்க முடியாது. ஆகவே முன்னதாகவே பழகிக்கொள்வது நல்லது.

கிரகணத்தை எப்படிப் படம் பிடிப்பது, பிடித்த படத்திலிருந்து என்னென்ன அளக்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். நேரமும் ஒளியூட்டமும் குறித்து வைக்கப்பட்ட படம் ஓர் அறிவியல் அளவீடு. குறிக்கப்படாத படம் வெறும் நினைவுப் பொருள். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிழலின் அமைப்பு

சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவே பூமி வரும்போது, பூமியின் நிழல் நிலவின் மேல் விழுகிறது. இது முழு நிலவு நாளில் மட்டுமே நிகழக்கூடும். நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது.

பூமியின் நிழலில் இரண்டு பகுதிகள் உண்டு. சூரிய ஒளி நேராகச் சிறிதும் புகாத உட்பகுதி கருநிழல். இது சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீளமுள்ள கூம்பு. அதைச் சுற்றி, சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைக்கப்பட்ட இடம் புறநிழல். நிலவு புறநிழலில் இருக்கும்போது சற்று மங்குவதோடு சரி. கருநிழலைத் தொட்டதும் அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு கடி விழுந்தது போல் தோன்றும். முழுவதும் உள்ளே போன பிறகு, நாம் எதிர்பார்ப்பது போல் நிலவு மறைந்துவிடுவதில்லை. செம்பு நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? பூமியைச் சுற்றியுள்ள காற்றுமண்டலம் ஒரு வில்லை போல் சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அந்த ஒளி நீண்ட தூரம் காற்றில் பயணம் செய்வதால், அதிலுள்ள நீல நிறம் சிதறிப்போய்ச் சிவப்பே மிஞ்சுகிறது. மாலைச் சூரியன் சிவப்பதும் இதனால்தான். அந்த நிமிடத்தில் பூமியின் விளிம்பு முழுவதும் நிகழும் எல்லா உதயங்களின், எல்லா அஸ்தமனங்களின் ஒளியும் ஒன்று சேர்ந்து நிலவின் மேல் விழுகின்றன எனலாம்.

சூரிய கிரகணத்தைப் போல் இதற்குக் கறுப்புக் கண்ணாடி தேவையில்லை. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியாலோ எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்ணுக்குக் கேடில்லை. கிரகண வேளையில் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது என்னும் பழக்கம் நம் ஊர்களில் பல வீடுகளில் உண்டு. அப்பத்தாவோடும் தாத்தாவோடும் வாதம் செய்துகொண்டிருக்க வேண்டாம். அவர்களையும் மொட்டைமாடிக்கு அழைத்து வந்து, வட்டமான நிழல் நிலவின் மேல் நகர்வதைக் காட்டுங்கள். அதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

எந்த நாள், எந்த இடம்?

2028 டிசம்பர் 31 கிரகணத்தின் நேரங்கள் இந்திய நேரப்படி ஏறத்தாழ இவை:

கருநிழல் தொடுவது: இரவு 8.37
முழுக் கிரகணம் தொடங்குவது: 9.46
கிரகணத்தின் நடு: 10.22
முழுக் கிரகணம் முடிவது: 10.58
கருநிழல் விலகுவது: நள்ளிரவு கடந்து 12.06

தேவாரத்தில் அன்று கருநிழல் தொடும்போது நிலவு கிழக்கு வானில் சுமார் 34 பாகை உயரத்தில் இருக்கும். நடுவேளையில் 58 பாகைக்கு ஏறிவிடும். கிரகணம் முடியும்போது ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடும். எனவே மேற்கு மலையால் இடையூறு இல்லை.

ஆனால் எல்லாக் கிரகணத்துக்கும் இப்படி அமையாது. 2029 டிசம்பர் 21ஆம் தேதி அதிகாலையில் இன்னொரு முழுக் கிரகணம் வருகிறது. அதன் கடைசிக் கட்டம் காலை ஏறத்தாழ 6 மணிக்கு முடியும்போது, தேவாரத்துக்கு நிலவு மேற்கே அடிவானத்திலிருந்து சுமார் 8 பாகை உயரத்தில்தான் இருக்கும். இங்கே திரிகோணவியல் உதவிக்கு வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில், உங்களைவிட 900 மீட்டர் உயரமான ஒரு முகடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்ட் 900/7000, அதாவது 0.129. கோணம் 7 பாகைக்குச் சற்று அதிகம். நிலவு மணிக்குச் சுமார் 15 பாகை நகர்வதால், அத்தகைய மலை நிலவை அரைமணி நேரம் முன்னதாகவே மறைத்துவிடும். ஆகையால் சமவெளியில் இருப்பவருக்குக் கிடைக்கும் கடைசிக் காட்சி, அடிவாரத்தில் இருப்பவருக்கு மயிரிழையில்தான் கிடைக்கும். உங்கள் ஊர் மலையின் ஏற்றக்கோணத்தை ஒரு பாகைமானி, நூல், சிறு கல் ஆகியவற்றைக் கொண்டு பகலிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மலைமேல் ஏறினால் வானம் தெளிவாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஏலமலைச் சரிவுகளில் இது பெரும்பாலும் பொய்த்துப்போகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளப் பக்கத்து மேகம் முகட்டைத் தாண்டி வழிந்து வந்து சரிவில் தங்கும். குளிர்காலத்தில் மூடுபனி இறங்கும். மேலும் அவை காட்டு விலங்குகள் நடமாடும் சரிவுகள். இரவில் அங்கே போவது ஆபத்து. பள்ளி மைதானம், களம், வீட்டு மொட்டைமாடி ஆகியவையே போதும். தெருவிளக்கு நேரே கண்ணில் படாத மூலையாகப் பார்த்து நில்லுங்கள்.

கருவிகள்

நிலவின் விட்டம் வானில் சுமார் அரைப்பாகை. காமிராவுக்குள் விழும் அதன் பிம்பத்தின் விட்டம், வில்லையின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் கிடைக்கும். இந்த எளிய சூத்திரம் எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

செல்போன் காமிராவின் முதன்மை வில்லைக்குக் குவியத் தூரம் சுமார் 5 மி.மீ. என்று கொண்டால், நிலவின் பிம்பம் 0.045 மி.மீ. அதனால்தான் அது பொட்டாக விழுகிறது. பத்து மடங்கு பெருக்கும் இருகண் நோக்கியை ஒரு தாங்கியில் அசையாமல் கட்டி, அதன் கண்ணருகு வில்லையோடு செல்போனைப் பொருத்தினால் பிம்பம் பத்து மடங்காகி 0.45 மி.மீ. ஆகும். இன்றைய செல்போன்களுக்கு இது அளந்து பார்க்கக்கூடிய அளவே. 200 மி.மீ. வில்லை உள்ள காமிராவில் பிம்பம் 1.8 மி.மீ. குவியத் தூரம் 1000 மி.மீ. உள்ள தொலைநோக்கியில் 9 மி.மீ.

எந்தக் கருவியானாலும் உறுதியான முக்காலி தேவை. முக்காலியின் நடுவே ஒரு பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. பொத்தானை விரலால் அழுத்தும்போது கருவி ஆடும். ஆகவே 2 விநாடி கழித்துத் தானாக எடுக்கும் டைமரைப் பயன்படுத்துங்கள். தானியங்கிக் குவியம் இருட்டில் தடுமாறும். கிரகணத்துக்கு முன், நிலவு பிரகாசமாக இருக்கும்போதே குவியத்தைச் சரிசெய்து, கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். டிசம்பர் இரவில் வில்லையின்மேல் பனித்துளி படியும். கறுப்பு அட்டையைக் குழாயாகச் சுருட்டி வில்லையின் முன் மாட்டினால் நெடுநேரம் தாங்கும்.

நிறச் சமநிலையைப் பகல் ஒளி என்று நிலையாக வைத்துவிடுங்கள். தானியங்கியாக விட்டால் காமிரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறத்தை முடிவுசெய்யும். பிறகு சிவப்பின் அளவை ஒப்பிட முடியாது. சில செல்போன்கள் நிலவை அடையாளம் கண்டு, மென்பொருளால் தெளிவூட்டி அழகாக்கிக் கொடுக்கின்றன. நமக்கு அந்த உதவி வேண்டாம். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஒளியூட்டம்: கணக்கின் மையம்

காமிராவுக்குள் புகும் ஒளியை மூன்று வழிகளில் கட்டுப்படுத்துகிறோம். ஒன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். இரண்டு, வில்லையின் துளை அளவு. மூன்று, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன் எண். நேரத்தை இருமடங்காக்கினால் ஒளிப்பதிவு இருமடங்காகும். ஐ.எஸ்.ஓ. எண்ணை இருமடங்காக்கினாலும் அப்படியே. துளை எண்ணை எஃப் 8இலிருந்து எஃப் 5.6க்குக் குறைத்தால் துளையின் பரப்பு இருமடங்காவதால் ஒளியும் இருமடங்காகும்.

முழு நிலவு வெயிலில் காயும் பாறை. எனவே அதற்குப் பகல் காட்சிக்கு உரிய ஒளியூட்டமே ஏறத்தாழப் போதும். கீழ்க்கண்ட அளவுகளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 என்ற நிலையில்:
முழு நிலவு: 1/250 விநாடி
பாதி மறைந்த நிலவு: 1/125 விநாடி
மெல்லிய பிறை மிச்சமிருக்கும்போது: 1/30 விநாடி

ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 5.6 என்ற நிலையில், முழுக் கிரகணத்தின்போது:
ஒளிமிக்க செம்பு நிறம்: 1/4 விநாடி
செங்கல் சிவப்பு: 1 விநாடி
அடர்ந்த துருநிறம்: 4 விநாடி
கருஞ்சாம்பல்: 16 விநாடி

பகுதிக் கிரகணத்தின்போது ஒரு சிக்கல் உண்டு. ஒளியுள்ள பகுதிக்கு ஏற்ப எடுத்தால் நிழலுக்குள் இருக்கும் பகுதி வெறும் கறுப்பாக விழும். நிழலுக்கு ஏற்ப எடுத்தால் ஒளியுள்ள பகுதி வெளுத்துப்போகும். நம் கண் இரண்டையும் ஒருங்கே காண்கிறது. காமிராவால் அது இயலாது. எனவே ஒவ்வொரு வேளையிலும் மூன்று படங்கள் எடுங்கள்: கணக்கிட்ட அளவில் ஒன்று, அதன் கால் பங்கு நேரத்தில் ஒன்று, நான்கு மடங்கு நேரத்தில் ஒன்று. மேகம் மெல்லிதாகக் குறுக்கிட்டாலும் மூன்றில் ஒன்று தப்பும்.

நேரத்தை நீட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பூமி சுழல்வதால் நிலவு வானில் தன் விட்டத்தின் அளவைச் சுமார் 2 நிமிடத்தில், அதாவது 120 விநாடியில் கடக்கிறது. ஆகவே அசையாத முக்காலியில் 1 விநாடி ஒளியூட்டினால் பிம்பம் தன் விட்டத்தில் 120இல் ஒரு பங்கு இழுபடும். அது கண்ணுக்குத் தெரியாது. 4 விநாடி என்றால் 30இல் ஒரு பங்கு. அப்போது விளிம்பு மங்கும். 16 விநாடிக்கு நிலவு முட்டை வடிவமாகிவிடும். இருண்ட கிரகணத்தில் என்ன செய்வது? ஐ.எஸ்.ஓ. எண்ணை 800இலிருந்து 3200க்கு உயர்த்தினால் 16 விநாடி 4 விநாடியாகும். எஃப் 2.8 வரை திறக்கும் வில்லை கிடைத்தால் அது 1 விநாடியாகும். படத்தில் சற்று மணல் தூவியது போல் புள்ளிகள் விழும். இழுபட்ட நிலவைவிட அது மேல்.

குறிப்பேடு

இருவர் சேர்ந்து வேலை செய்வது நல்லது. ஒருவர் படம் எடுக்க, மற்றவர் குறிப்பு எழுத வேண்டும். படத்தின் எண், இந்திய நேரம், ஷட்டர் நேரம், துளை எண், ஐ.எஸ்.ஓ., வானத்தின் நிலை ஆகிய ஆறையும் எழுதுங்கள். காமிராவின் கடிகாரத்தை அன்று மாலை செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஒரு நிமிடம் பிசகினாலும் எத்தனை விநாடி என்று எழுதி வைத்தால் பின்னர் திருத்திக்கொள்ளலாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று படங்கள் என்பது நல்ல ஒழுங்கு.

முதல் அளவீடு: எவ்வளவு இருண்டது?

முழு நிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/250 விநாடி போதும் என்றோம். ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 5.6 என்ற நிலைக்கு அதை மாற்றுவோம். ஐ.எஸ்.ஓ. 8 மடங்கு, துளைப் பரப்பு 2 மடங்கு, மொத்தம் 16 மடங்கு. எனவே அதே படத்துக்கு 1/4000 விநாடி போதும். கிரகண நடுவில் அதே வெளிச்சமுள்ள படம் கிடைக்க 1 விநாடி பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நிலவின் ஒளி ஏறத்தாழ 4000இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. 16 விநாடி பிடித்தால் 64,000இல் ஒரு பங்கு. வேறு எந்தக் கருவியும் இல்லாமல், உங்கள் காமிராவே ஓர் ஒளிமானியாகிவிட்டது.

இந்த இருள் எல்லாக் கிரகணத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. பிரெஞ்சு வானியலறிஞர் ஆந்திரே தாஞ்சோன் 1921இல் இதை ஐந்து படிகளாக வகுத்தார். நிலவு ஏறக்குறைய மறைந்தே போனால் 0. சாம்பல் அல்லது பழுப்பு நிறமாகி, மேற்பரப்பின் விவரங்கள் சிரமப்பட்டே தெரிந்தால் 1. நடுவில் மிக இருண்ட துருச் சிவப்பானால் 2. மஞ்சள் ஓரத்தோடு செங்கல் சிவப்பானால் 3. நீலச் சாயலுள்ள ஒளிமிக்க ஓரத்தோடு செம்பு அல்லது ஆரஞ்சு நிறமானால் 4. அந்த நீலச் சாயலுக்கு ஓசோன் படலம் காரணம். காற்றுமண்டலத்தின் உயரத்தில் அது சிவப்பு ஒளியை ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. கிரகணத்தின் நடுவேளையில் வெறுங்கண்ணால் பார்த்து இந்தப் படியை மதிப்பிட்டு, படத்தின் குறிப்போடு சேர்த்து எழுதுங்கள்.

படி ஏன் மாறுகிறது? நிலவின் மேல் விழும் ஒளி நம் காற்றுமண்டலத்தின் வழியாக வருகிறது. காற்றில் எரிமலைத் தூசும் கந்தகத் துளிகளும் மிகுந்திருந்தால் ஒளி தடைபடும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஆகுங் எரிமலை 1963இல் வெடித்தது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் தேதிக் கிரகணத்தில் நிலவு மிகவும் கறுத்துப்போயிற்று. பிலிப்பைன்ஸில் பினதுபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1992 டிசம்பர் 9ஆம் தேதிக் கிரகணமும் இருண்டே இருந்தது. எங்கோ வெடித்த எரிமலையின் தூசு பூமி முழுவதும் பரவியிருப்பதை, நிலவு நமக்குக் காட்டுகிறது. தேவாரத்தில் ஒரு மாணவி எழுதிவைக்கும் "படி 2" என்ற குறிப்பு, பூமியின் காற்றைப் பற்றிய ஒரு செய்தியாகும்.

இரண்டாம் அளவீடு: நிலவு எவ்வளவு தொலைவில்?

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டார்க்கஸ், பூமியின் நிழலையும் நிலவையும் ஒப்பிட்டு நிலவின் அளவைக் காண வழி வகுத்தார். அதையே நீங்கள் ஒரு படத்திலிருந்து செய்யலாம்.

நிழல் நிலவைப் பாதியளவு மூடியிருக்கும் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக அச்சிடுங்கள். நிலவின் விளிம்பில் மூன்று புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் நாண்களுக்கு மையக்குத்துக்கோடுகள் வரையுங்கள். அவை வெட்டும் இடம் நிலவின் மையம். நிழலின் வளைந்த ஓரத்திலும் மூன்று புள்ளிகள் எடுத்து அவ்வாறே செய்தால் நிழல்வட்டத்தின் மையம் கிடைக்கும். அது நிலவுக்கு வெளியே, சற்றுத் தள்ளி விழும். ஆகவே பெரிய தாளில் படத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, நிலவின் ஆரம் 40 மி.மீ., நிழலின் ஆரம் 106 மி.மீ. என்று வந்தால், நிழல் நிலவைப் போல் 2.65 மடங்கு.

பூமியும் நிலவைப் போல் 2.65 மடங்குதானா? இல்லை. நிழல் ஒரு கூம்பு என்பதை மறக்கக்கூடாது. சூரியன் நம் வானில் அரைப்பாகை அகலம். எனவே நிழல்கூம்பு குறுகும் கோணமும் அரைப்பாகை. நிலவும் நம் கண்ணுக்கு அரைப்பாகை அகலமே. ஆகவே பூமியிலிருந்து நிலவு வரையுள்ள தொலைவில் நிழல் குறுகும் அளவு, சரியாக ஒரு நிலவின் விட்டம். அப்படியானால் பூமியின் விட்டம், 2.65உடன் 1 கூட்டி, 3.65 நிலவு விட்டங்கள்.

பூமியின் விட்டம் 12,742 கி.மீ. அதை 3.65ஆல் வகுத்தால் நிலவின் விட்டம் 3,491 கி.மீ. இனித் தொலைவு. 2 செ.மீ. விட்டமுள்ள ஓர் அட்டை வட்டத்தைக் கண்ணிலிருந்து 2 மீட்டர் 20 செ.மீ. தொலைவில் வைத்தால், அது நிலவைச் சரியாக மறைக்கும். அதாவது நிலவு தன் விட்டத்தைப் போல் 110 மடங்கு தொலைவில் இருக்கிறது. 3,491ஐ 110ஆல் பெருக்கினால் 3,84,010 கி.மீ. நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. என்பது இன்றைய அளவீடு!

உங்கள் விடை இவ்வளவு நெருங்கி வராமல் போகலாம். நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போல் கூர்மையாக இருப்பதில்லை. பூமியின் காற்றுமண்டலமும் நிழலை ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு பெரிதாக்குகிறது. நிலவின் தொலைவும் நாளுக்கு நாள் மாறுவது. ஐந்தாறு படங்களில் தனித்தனியே அளந்து சராசரி எடுங்கள். விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதையும் எழுதுங்கள். பிழையின் அளவைக் கூறாத அளவீடு பாதி அளவீடே.

நேரம் குறித்தவர்கள்

நேரத்தைக் குறிப்பதன் பயனுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் முன்னர் இருந்த ஜான் வாரன், இந்தியக் காலக் கணிதத்தைப் பற்றிக் "காலசங்கலிதா" என்ற நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து, எழுத்தொலிகளாக மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டியதை அவர் பதிவு செய்தார். 1825 மே 31, ஜூன் 1 இரவுக் கிரகணத்துக்கான கணிப்பு அது. கிரகணத் தொடக்கத்தில் அவரது கணிப்பு 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிசகியது. ஏடும் எழுதுகோலும் இல்லாமல் செய்த கணக்கு இது. அந்த நினைவாற்றலை நாம் போற்றுகிறோம். அதே வேளையில், பிழை இவ்வளவு என்று இன்று நாம் சொல்ல முடிவது, நேரங்கள் எழுதிவைக்கப்பட்டதால்தான்.

இன்னொரு சான்று தேவாரத்துக்கு வடகிழக்கே, நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பழனி மலையில் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து, நாளும் நேரமும் குறித்து அடுக்கி வைத்தார்கள். தனித்தனியே பார்த்தால் அவை சாதாரண வட்டங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தபோது, சூரியனின் நெடுங்கால மாற்றங்களைப் படிக்க உதவும் புதையலாகிவிட்டன. அந்தத் தகடுகள் இப்போது கணினிப் பதிவுகளாகவும் மாற்றப்பட்டுள்ளன.

நீங்கள் பழகுவதற்கு 2028 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு பயிற்சி வகுப்பு. 2028 ஜூலை 6ஆம் தேதி இரவு, நிலவு விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக மறையும் பகுதிக் கிரகணம் வருகிறது. நள்ளிரவுக்குச் சற்று முன் அது உச்சம் பெறும். மலையைத் தாண்டி வரும் மேகம் இடம் கொடுத்தால் அதுவே நல்ல ஒத்திகை. நிழலின் வளைவை அளக்க அந்தப் படங்களே போதும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் காமிரா அல்லது செல்போனின் குவியத் தூரத்தைக் கண்டறிந்து, அதில் நிலவின் பிம்பம் எத்தனை மி.மீ. விழும் என்று கணக்கிடுக.

2. அடுத்த பௌர்ணமியன்று ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 நிலையில் 1/60, 1/125, 1/250, 1/500 விநாடிகளில் நான்கு படங்கள் எடுத்து, நிலவின் கரும்பகுதிகள் எதில் தெளிவாகத் தெரிகின்றன என்று குறிப்பிடுக. செல்போனில் துளையை மாற்ற இயலாவிட்டால், அதற்குரிய துளை எண்ணிலேயே எடுத்து, எஃப் 8க்கு உரிய நேரமாக மாற்றி எழுதுக.

3. உங்கள் பள்ளி மைதானத்திலிருந்து மேற்கு மலை முகட்டின் ஏற்றக்கோணத்தை அளந்து, 2029 டிசம்பர் 21 அதிகாலையில் நிலவு உங்கள் ஊரில் சுமார் எத்தனை மணிக்கு மலைக்குப் பின் மறையும் என்று மதிப்பிடுக.

4. ஒரு கிரகணத்தில் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4 நிலையில் 2 விநாடி தேவைப்பட்டது. நிலவின் ஒளி எத்தனை மடங்கு குறைந்திருந்தது? (விடை: 32,000 மடங்கு. இவ்விடை எப்படி வந்தது என்று எழுதிப் பாருங்கள்.)